அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

திறனாய்வு என்றதும் கவிதையும் புதினமும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் மக்களின் வாழ்வை எந்தக் கவிதையையும்விட ஆழமாக மாற்றிவிடும் எழுத்துகள் சில உள்ளன. அவற்றை நாம் எடுத்துப் படிப்பதில்லை. அரசிதழ் அவற்றுள் ஒன்று. இம்மாதம் வாசகர்முன் நாம் வைக்க விரும்பும் நூல், நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதிகளை மறுவரையறை செய்து 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆணையே. அழகுக்காக இதனைத் தேர்ந்தெடுத்தோம் அல்லோம். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றதால் தேர்ந்தெடுத்தோம்.

தேர்தலைப் பற்றிப் பேச வேண்டும் என்று நம் பங்கின் இளையோர் வட்டத்தினர் அழைத்திருந்தனர். தவறாமல் வாக்களியுங்கள், வாக்குக்குப் பணம் வாங்காதீர்கள் என்று மறையுரையில் சொல்வதையே கொஞ்சம் நீட்டிச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் போனோம். கடைசியில் ஓர் இளைஞர் எழுந்தார். “சாமி, எங்க மாமா நிலக்கோட்டையிலேயே பொறந்து வளர்ந்தவரு. ஊருக்கே அவரைத் தெரியும். அவரு ஏன் அங்க எலெக்சன்ல நிக்க முடியாது?” என்றார். “அது தனித்தொகுதி” என்றோம். “நாங்களும் அதே தெருதான சாமி?” என்றார். அன்று நாம் சொன்ன பதில் பதிலன்று. அரசிதழைத் தேடி எடுத்தது அதற்குப் பின்தான்.

குருத்துவக் கல்லூரியில் விவிலியத்தைப் படிக்கக் கற்றுத்தந்த பேராசிரியர்கள் ஒரு பழக்கத்தை நமக்குள் ஊன்றிவிட்டார்கள். எந்த ஏட்டைக் கையில் எடுத்தாலும் அதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், அதனுள் எந்தப் பழைய ஏடுகளின் அடுக்குகள் புதைந்துள்ளன என்று கேட்பது அப்பழக்கம். அந்த முறையிலேயே இவ்வாணையையும் படித்தோம்.

எழுதியவர்களைத் தெரிந்துகொள்வது எளிது. 2002-ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டத்தின்படி அமைந்த ஆணையம் அது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் அதன் தலைவர். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஐந்து மக்களவை உறுப்பினரும் ஐந்து சட்டமன்ற உறுப்பினரும் துணை உறுப்பினராக உட்கார்ந்தனர். அவர்கள் பேசலாம், மாற்றுக் கருத்தை எழுதித் தரலாம். ஆனால் வாக்களிக்கவோ முடிவில் கையொப்பமிடவோ அவர்களுக்கு உரிமையில்லை. மக்களின் வாக்குக்கு எல்லை வகுக்கும் அவையில் மக்களின் பிரதிநிதிகளுக்கு வாக்கில்லை என்பது முதல் வாசிப்பில் உறுத்தியது. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயமும் உண்டு. தம் தொகுதியின் எல்லையைத் தாமே வரைந்துகொள்ள அரசியலாரை விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 1812-லேயே கண்டுவிட்டது. மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்பமிட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி பல்லியைப்போல் நெளிந்து கிடந்தது என்று அந்நாட்டு இதழ்கள் எள்ளி நகையாடின. அந்நோய் நம் நாட்டில் அந்த அளவுக்குப் பரவாமல் இருப்பதற்கு இத்தகைய ஆணையங்களே காரணம் எனலாம்.

ஆணையின் நடையைப் பற்றியும் ஒரு சொல். அதில் வினைச்சொற்கள் அரிது. வட்டங்களின் பெயர்கள், பேரூராட்சிகளின் பெயர்கள், வருவாய்க் கிராமங்களின் பெயர்கள் என்று பக்கம் பக்கமாக ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. மக்கள் அதில் எங்கும் தென்படுவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஏழு சட்டமன்றத் தொகுதிகள்: பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர். (சேலம் மாவட்டத்தில் இன்னோர் ஆத்தூர் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்தை மாற்றிப் போட்டு வேறுபடுத்துகிறார்கள். தமிழில் படிப்பவன்தான் தடுமாற வேண்டியிருக்கிறது.)

இந்த ஏழில் ஆறு, திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கின. வேடசந்தூர் மட்டும் கரூர் மக்களவைத் தொகுதிக்குப் போயிற்று. 2004 தேர்தல் வரை பழனி என்றொரு மக்களவைத் தொகுதி இருந்தது. கொங்கு நாட்டின் சில பகுதிகளையும் அது தன்னோடு சேர்த்து வைத்திருந்தது. அந்தப் பெயர் 2008-இல் பட்டியலிலிருந்தே மறைந்தது. வேடசந்தூர்க்காரர் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கும் திண்டுக்கல்லுக்கு வருகிறார். தம் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேட எதிர்த்திசையில் கரூர் பேருந்தில் ஏற வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லி ஆணையத்தைத் திட்டுவோர் பலர். நாம் திட்டமாட்டோம். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகளும் 39 மக்களவைத் தொகுதிகளும் உள்ளன. ஒன்றுக்கு ஆறு என்று கணக்கு மிச்சமின்றிப் பொருந்துகிறது. ஒரு சட்டமன்றத் தொகுதி முழுமையாக ஒரே மக்களவைத் தொகுதிக்குள் அடங்க வேண்டும் என்பது சட்டம். ஏழு தொகுதிகள் உள்ள மாவட்டத்தில் ஒன்று வெளியே போயே ஆக வேண்டும். எல்லை வகுப்பதென்றால் யாரோ ஒருவருக்கு வசதிக்குறைவு நேரத்தான் செய்யும். 2003-இல் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து திண்டுக்கல் மறைமாவட்டம் பிரிந்தபோது நம்மவர்க்கும் அது விளங்கிற்று. வசதிக்குறைவு ஒன்று, அநீதி வேறொன்று. இரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் வேலை.

அநீதி எங்கே தொடங்குகிறது என்று காண, ஆணையை விட்டு அதன் தாய்நூலுக்குச் செல்ல வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 326-ஆம் உறுப்பு வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை தந்தது. 1989-இல் வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18-ஆகக் குறைந்தது. 81-ஆம் உறுப்பு அந்த வாக்கின் எடையைப் பற்றிப் பேசுகிறது. மக்கள்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் எல்லா மாநிலங்களுக்கும், ஒரு மாநிலத்துக்குள் எல்லாத் தொகுதிகளுக்கும், கூடுமானவரை ஒன்றாயிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ‘கூடுமானவரை’ என்ற சொல்லை நாம் இருமுறை படித்தோம். சட்டத்தை எழுதியவர்கள் மனிதரை அறிந்தவர்கள்.

அந்த ‘கூடுமானவரை’ 1971-இல் ஏறத்தாழ நிறைவேறியே இருந்தது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4 கோடியே 12 இலட்சம். ஓர் உறுப்பினருக்குப் பத்தரை இலட்சம் பேர். பிரிக்கப்படாத பீகாரில் 54 இடங்களுக்கு 5 கோடியே 63 இலட்சம், அதாவது ஒருவருக்குப் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். 1976-இல் 42-ஆவது திருத்தம் அந்தப் பங்கீட்டை 2000-க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை உறையவைத்தது. 84-ஆவது திருத்தம் அந்த எல்லையை 2026-க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. உறைந்தவை இடங்கள் மட்டுமே. மக்கள் உறையவில்லை. 2011 கணக்கில் தமிழ்நாட்டில் ஓர் உறுப்பினருக்கு 18.5 இலட்சம், கேரளத்தில் 16.7 இலட்சம், பீகாரில் 26 இலட்சம், பீகாரிலிருந்து பிரிந்த ஜார்க்கண்டில் 23.6 இலட்சம்.

இந்த உறைவு நீங்கினால் தமிழ்நாட்டின் பங்கு சுருங்கும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. 1962-இல் 41-ஆக இருந்த நம் மக்களவை இடங்கள் 1967-இல் 39-ஆகக் குறைந்ததை நாடறியும். அந்த இழப்புக்கு ஈடு தரவேண்டாமா என்று 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வே கேட்டது. 2025 மார்ச் 5-ஆம் நாள் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் 1971-இன் அடிப்படையே மேலும் முப்பது ஆண்டுகள் தொடர வேண்டும் எனத் தீர்மானித்தது. அதே மாதம் பிற மாநிலத் தலைவர்களும் சென்னைக்கு வந்து கூடினர். ஒரு கூட்டரசில் உறுப்பு மாநிலத்தின் குரல் தேய்வது சிறிய செய்தியன்று. இதில் நாமும் தமிழ்நாட்டின் பக்கமே.

ஆனால் மேடைகளில் சொல்லப்படும் காரணம் நமக்கு நிறைவளிக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்தோம், அதற்கு நமக்குத் தண்டனையா என்கிறார்கள். கத்தோலிக்க வாசகர் இதைக் கேட்டுக் கைதட்டும்போது ஒரு புன்னகை வரத்தான் செய்கிறது. 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விடுத்த சுற்றுமடலை வைத்து நம் மேடைகளில் நாம் பேசிய பேச்சு வேறு. அது நிற்க. பிறப்பு குறைந்ததற்குப் பெண் கல்வியும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்று தாய்க்கு வந்த நம்பிக்கையும் பெருங்காரணங்கள். அவை போற்றத்தக்கவை. ஆயினும் வாக்கு நன்னடத்தைக்குத் தரும் பரிசன்று. பிள்ளை குறைவாகப் பெற்றவனுக்குக் கனமான வாக்கு, அதிகம் பெற்றவனுக்கு இலேசான வாக்கு என்று எந்த அறநூலும் சொல்லவில்லை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் வேலைக்கு வந்து, ஞாயிறுதோறும் மொழி புரியாத திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் ஜார்க்கண்டுப் பழங்குடி இளைஞரிடம் உம்முடைய வாக்கு என்னுடையதைவிடக் குறைந்ததாகவே இருக்கட்டும் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. மாநிலங்களின் சமநிலையைக் காக்க வேறு இடம் உண்டு. அது மாநிலங்களவை. அங்கும் மக்கள்தொகையைப் பார்த்தே உத்தரப்பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18 என்று வைத்திருக்கிறோம். அமெரிக்க மேலவையிலோ பெரிய மாநிலத்துக்கும் சிறிய மாநிலத்துக்கும் இரண்டிரண்டு பேர். நம் தலைவர்கள் இதைப் பற்றி இன்னும் உரக்கப் பேசலாம் என்பது நம் கருத்து.

அந்த ஜார்க்கண்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. ஆணையத்தின் வரைவு நிறைவேறினால் அங்குப் பழங்குடியினருக்கான சட்டமன்ற இடங்கள் குறையும் நிலை இருந்தது. எதிர்ப்பு எழுந்தது. 2008-இல் சட்டத்தையே திருத்தி ஜார்க்கண்டை ஆணையிலிருந்து விலக்கிவைத்தார்கள். அரசிதழில் அச்சாகிவிட்டால் கல்லில் வெட்டியதாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

இனி, அந்த இளைஞரின் கேள்வி.

ஆணையில் நிலக்கோட்டை என்ற பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி நிற்கிறது. தமிழில் அதை ‘(தனி)’ என்று எழுதுகிறோம். சுவரெழுத்திலும் செய்தித்தாளிலும் கண்டு கண்டு நம் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. பழனி சட்டமன்றத் தொகுதிக்கும் முன்பு அந்தக் குறி இருந்தது. 2008-இல் அது நீங்கியது. நிலக்கோட்டைக்குத் தொடர்கிறது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினர்க்கும் 2 பழங்குடியினர்க்கும் உரியவை. இந்த ஒதுக்கீட்டை நாம் குறை சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. அது இல்லையென்றால் சேரிகளின் குரல் சட்டமன்றத்தின் படியேறியிராது. நாம் கேட்பது, அந்த அடைப்புக்குறிக்குள் யார் நுழையலாம் என்பது.

இதற்கு விடை ஆணையில் இல்லை. அதற்கு அடியில் கிடக்கும் இன்னொரு பழைய ஏட்டில் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிகளின் பெயர்களை வரிசையிட்டது. அதன் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தினின்று வேறான சமயத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அந்த வாசல் வழியாக உள்ளே அழைக்கப்பட்டனர். கிறிஸ்தவர்க்கும் இசுலாமியர்க்கும் வாசல் திறக்கவில்லை. ஆகவே நிலக்கோட்டையில் பிறந்து, அதே தெருவில் வாழ்ந்து, அதே இழிவைச் சுமந்த ஒருவர், அவருடைய பாட்டனார் திருமுழுக்குப் பெற்ற காரணத்தால் அத்தொகுதியில் வேட்பாளராக முடியாது. பக்கத்திலுள்ள ஆத்தூரிலோ திண்டுக்கல்லிலோ பொதுத்தொகுதியில் நிற்கலாமே என்பார்கள். சட்டப்படி நிற்கலாம். பொதுத்தொகுதியில் தலித் ஒருவருக்கு எத்தனை கட்சிகள் சீட்டுக் கொடுத்திருக்கின்றன என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இந்த மூன்றாம் பத்தி எங்கிருந்து வந்தது? இங்கேதான் குருத்துவக் கல்லூரிப் பழக்கம் கைகொடுத்தது. 1950-இன் ஏட்டுக்குள் இன்னும் பழைய அடுக்கு ஒன்று இருக்கிறது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் 1936-இல் பிறந்த பட்டியல் சாதிகள் ஆணையிலும் இந்தியக் கிறிஸ்தவர்களை விலக்கும் விதி இருந்தது. ஆனால் அன்று அதற்கு ஒரு காரணம் சொல்ல இடமிருந்தது. அன்றைய தேர்தல் முறையில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்றே தனி வாக்காளர் தொகுதிகள் இருந்தன. 215 இடங்கள் கொண்ட சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினர்க்கு 30 இடங்களும் இந்தியக் கிறிஸ்தவர்க்கு 8 இடங்களும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரே ஆள் இரண்டு பந்தியில் உட்கார வேண்டா என்று சொன்னதாக அந்த விலக்கைப் புரிந்துகொள்ளலாம். அந்த 8 இடங்களில் தலித் கிறிஸ்தவர்க்கு எத்தனை கிடைத்திருக்கும் என்பது வேறு கதை. ஆயினும் ஏட்டளவில் அந்த விலக்கு பொருளற்றதாக இல்லை.

1949 மே மாதத்தில் அந்தக் காரணம் இறந்தது. சமயச் சிறுபான்மையோருக்குச் சட்டமன்றங்களில் இடஒதுக்கீடு வேண்டா என்று அரசியல் நிர்ணய சபை முடிவெடுத்தது. அதற்கான தீர்மானத்தை ஆலோசனைக் குழுவில் கொண்டுவந்தவர் ஒரு கிறிஸ்தவர், சபையின் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி. சென்னையிலிருந்து சபைக்குச் சென்றிருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அடிகளாரும் அதை ஆதரித்தார். சலுகை வேண்டா, நாட்டு மக்களுள் ஒருவராக நிற்போம் என்ற அந்தப் பெருந்தன்மையைப் பள்ளி விழாக்களில் இன்றும் புகழ்கிறோம். புகழத்தக்கதுதான். ஆனால் அந்தப் பெருந்தன்மைக்கு விலை கொடுத்தவர் யார் என்று நாம் கேட்டதில்லை. கிறிஸ்தவர் என்ற பந்தி 1949-இல் எடுக்கப்பட்டது. மறு ஆண்டில், அந்தப் பந்தி இன்னும் இருப்பதுபோல் தலித் கிறிஸ்தவர் மற்றப் பந்தியிலிருந்தும் எழுப்பப்பட்டார். காரணம் செத்தபின்னும் விதி உயிரோடிருக்கிறது. விவிலிய ஏடுகளில் இப்படிப் பழைய அடுக்கொன்று புதிய அடுக்கினுள் சிக்கிக் கிடப்பதைக் கண்டால் மாணவர்கள் மகிழ்ந்து குறிப்பெழுதுவார்கள். இங்கே சிக்கிக் கிடப்பது மக்கள்.

இழப்பு, நிற்கும் உரிமையோடு முடிவதில்லை. எல்லை வகுக்கும் கணக்கினுள்ளும் அது புகுகிறது. பட்டியல் சாதியினரின் விகிதம் ஒப்புநோக்கில் மிகுந்த இடங்களில், மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவுமாறு, தனித்தொகுதிகளை அமைக்க வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. விகிதம் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. கணக்கெடுப்போ இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர எவரையும் பட்டியல் சாதியில் எழுதியதில்லை. நூறு பேர் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். இருபது பேர் இந்து தலித்துகள், பத்துப் பேர் கிறிஸ்தவ தலித்துகள். சேரியில் வாழ்வோர் முப்பது பேர். ஏட்டில் இருபது. விடுபட்ட அந்தப் பத்துப் பேர் நூறில் எண்ணப்படுகிறார்கள், முப்பதில் எண்ணப்படுவதில்லை. அவர்களுடைய தலைகள் தொகுதியைப் பெரிதாக்க உதவுகின்றன. தொகுதியின் தன்மையைச் சொல்ல மட்டும் உதவுவதில்லை.

எண்ணும்போது சேர்த்துக்கொண்டு உரிமை தரும்போது விட்டுவிடும் இந்தத் தந்திரம் புதிதன்று. அமெரிக்கா 1787-இல் அடிமைகளுக்கு வாக்களிக்காமலே, இடப் பங்கீட்டுக்கு மட்டும் ஒவ்வொருவரையும் ஐந்தில் மூன்று பங்காக எண்ணிக்கொண்டது. நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு இலங்கையில் உண்டு. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. ஆனால் 75,000 ஆட்களுக்கு ஒரு தொகுதி என்று மாகாணங்களுக்கு இடம் பங்கிட்டபோது நாடற்றவர்களின் தலைகளும் எண்ணப்பட்டன. அதனால் பெருகிய இடங்களை நிரப்பியவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்த சிங்கள வாக்காளர்கள். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டுக்குப் பின் கப்பலேறி வந்த அம்மக்களுள் ஒரு பகுதியினர் நம் கொடைக்கானல் மலையிலும் குடியேறினர். அவர்களுடைய நிலையும் நிலக்கோட்டைக்காரரின் நிலையும் ஒன்றென்று சொல்லமாட்டோம். நிலக்கோட்டைக்காரர்க்கு வாக்கு இருக்கிறது, அது பெரிது. ஆனால் கணக்கெழுதும் கை ஒரே வகையான கைதான்.

நீதிமன்றம் என்ன சொல்கிறது? மறுவரையறைச் சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாகாது என்கிறது 329-ஆம் உறுப்பு. ஆணையம் வெளியிட்ட ஆணையும் சட்டத்துக்கு ஒப்பானதே என்று 1966-இல் மெக்ராஜ் கோத்தாரி வழக்கில் தீர்ப்பாயிற்று. 2024-இல் குஜராத்தின் பர்தோலி தனித்தொகுதி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சற்றுத் திறந்தது. வெளிப்படையாகவே எதேச்சையான, அரசமைப்பின் நெறிகளோடு ஒவ்வாத ஆணையை ஆராய நீதிமன்றத்துக்கு முழுத் தடையில்லை என்றது. மூன்றாம் பத்தி பற்றிய கதை வேறு. 1985-இல் சூசை வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அப்பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்க்கு ஆதரவாகத் தீர்மானம் இயற்றியது. தமிழ்நாட்டின் பங்கு சுருங்கக் கூடாது என்று எழும் குரலோடு ஒப்பிட்டால் இந்தத் தீர்மானத்தைப் பற்றி மேடைகளில் எழும் குரல் மெலிந்ததே. தில்லியிடம் எங்களைச் சரியாக எண்ணு என்று கேட்கும் மாநிலத்துக்குத் தன் வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது.

சான்று போதவில்லை என்ற 1985-இன் சொல் நம்மைச் சுடுகிறது. சான்று நம்மிடமே இருந்தது. பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் சாதியையும் எழுதிவைத்த பங்குகள் பல. கிறிஸ்தவத்தில் சாதியில்லை என்று அரசு நம் மறைக்கல்வியையே மேற்கோள் காட்டி வாசலை அடைத்தபோது, நம் மூதாதையர் குருக்களின் கையெழுத்தே அதற்கு மறுப்பாக அலமாரியில் கிடந்தது. சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் எழுப்பிய சுவரும் மறுப்புத்தான். அதை வெளியே காட்டச் சான்றாளர்க்கு வெட்கம். இந்த வெட்கம் இன்னும் நமக்குச் சரியாக வரவில்லை என்றும் சிலவேளை தோன்றுகிறது.

இன்று அதே பதிவேடு எதிர்த்திசையில் பாய்கிறது. கேரளத்தின் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்றவர் கிறிஸ்தவர் என்று தொடரப்பட்ட வழக்கில் ஆலயப் பதிவேடுகள் சான்றாக முன்வைக்கப்பட்டன. உயர் நீதிமன்றம் 2023-இல் அவருடைய தேர்தலைச் செல்லாதென்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தேர்தல் செல்லும் என்றது. முடிவு எதுவாயினும், பங்குத்தந்தையின் எழுதுகோல் ஒருவருடைய வேட்புமனுவை அடிக்கவல்லது என்று அவ்வழக்கு காட்டிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளந்தந்தை மாலைவேளையில் நம்மிடம் வந்து, “சாமி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுங்க, ஏட்டுல மட்டும் எழுதாம விட்டுருங்க” என்றார். திருச்சபைச் சட்டப்படி எழுதாமல் விட முடியாது என்றோம். அவர் வாதிடவில்லை. மூன்று வாரம் கழித்துப் பிள்ளையோடு வந்தார், எழுதினோம். அவர் தம் நம்பிக்கைக்காக எதைக் கைவிட்டார் என்பதை அன்று நாம் முழுதும் உணரவில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

எண்ணிக்கை நூலின் 26-ஆம் அதிகாரத்தில் ஒரு கணக்கெடுப்பும், அதன்படி நிலம் பங்கிடும் விதியும் வருகின்றன. பெரிய குலத்துக்குப் பெரிய பங்கு, சிறிய குலத்துக்குச் சிறிய பங்கு. மறுவரையறை ஆணையைப்போலவே அதுவும் பெயர்களின் வரிசை. அடுத்த அதிகாரத்தில் செலொபுகாதின் புதல்வியர் ஐவர் சந்திப்புக் கூடாரத்தின் வாயிலில் வந்து நிற்கிறார்கள். ஆண்மக்கள் இல்லாத குற்றத்துக்காக எங்கள் தந்தையின் பெயர் பட்டியலிலிருந்து மறைய வேண்டுமா என்று கேட்கிறார்கள். மோசே அவர்களை அதட்டவில்லை. தமக்கு விடை தெரியாதென்று அறிந்து வழக்கை ஆண்டவரிடம் கொண்டுபோகிறார். பெண்கள் சொல்வதே சரி என்று விடை வருகிறது, சட்டம் மாறுகிறது. நம் இளையோர் வட்டத்தில் கேள்வி எழுந்த அன்று மோசேயின் இந்தத் தயக்கம் நமக்கு இருந்திருக்கலாம்.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறும் என்றும், அதில் எல்லாச் சமூகத்தாரின் சாதியும் கேட்கப்படும் என்றும் 2025-இல் அரசு அறிவித்தது. 84-ஆவது திருத்தம் சொன்ன 2026-க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பும் அதுவே. மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு தரும் 2023-இன் 106-ஆவது திருத்தமும் அத்தகைய கணக்கெடுப்பையும் மறுவரையறையையும் எதிர்பார்த்தே நிற்கிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் மதிக்கும் ஒரு நல்ல விதி உண்டு. ஆணையம் தன் வரைவை முன்னதாக வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, பொது அமர்வு நடத்திக் கேட்ட பின்பே இறுதி செய்ய வேண்டும். கடந்த முறை அந்த அமர்வுகள் நடந்தபோது நாம் எங்கிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தோம். ஏதோ ஒரு திருவிழா வேலையில் இருந்திருப்போம்.

படித்ததையெல்லாம் அடுத்த கூட்டத்தில் இளையோரிடம் சொன்னோம். அந்த இளைஞர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, “அப்ப, கணக்கெடுக்க வர்றப்போ என்ன சொல்றது சாமி?” என்றார். மதமும் சாதியும் இரண்டும் உள்ளபடி சொல்லுங்கள் என்றோம். பழைய பதிவேடுகளில் சாதி எழுதிய பக்கங்களைத் தாங்கள் எண்ணித் தரலாமா என்று இன்னொரு பெண்பிள்ளை கேட்டாள். ஆட்களின் பெயர் வெளியே போகக் கூடாது, தொகை மட்டும் எடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டோம். சனிக்கிழமை மாலைகளில் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். மிகப் பழைய தொகுதி செல்லரித்திருக்கிறது. அதை இன்னும் திறக்கவில்லை.